சைக்கிள் ஸ்டாண்டும் கம்பெனி பஸ்ஸும்

ஒரகடத்தில் புல்லட் செய்கிற கம்பெனி, சைக்கிள் கம்பெனியாகப் பிறந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்றோர் ஊர், ஊசி செய்வதற்குப் பேர்போனது. அங்கிருந்த ஓர் ஊசிப் பட்டறை சைக்கிளும் செய்யத் தொடங்கியது. 1890களில் கைமாறியபோது, என்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுத்த பெருமையில் ராயல் என்ஃபீல்டு என்று பெயர் சூட்டிக்கொண்டது. 1901இல்தான் மோட்டார் சைக்கிள். 1950களின் நடுவில் திருவொற்றியூருக்கு வந்தது, 2013இல் ஒரகடத்துக்கு. இருங்காட்டுக்கோட்டைக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. ஹூண்டாய் குடும்பத்தைச் சேர்ந்த கியா, 1944இல் இரும்புக் குழாயும் சைக்கிள் பாகங்களும் செய்யும் கம்பெனியாகத் தொடங்கி, 1950களின் தொடக்கத்தில் கொரியாவின் முதல் சைக்கிளைச் செய்தது. 1998இல் ஹூண்டாய் அதை வாங்கிய அதே ஆண்டு, இருங்காட்டுக்கோட்டையில் சான்ட்ரோ கார் உற்பத்தி தொடங்கியது.

காருக்குள் இருக்கிற பாதிச் சங்கதி சைக்கிளிடமிருந்து போனதுதான். காற்றடைத்த டயரை 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகச் செய்தார். பால் பேரிங்கும் மெல்லிய எஃகுக் குழாயும் ஆயிரக்கணக்கில் மலிவாகச் செய்யப் பழகியது சைக்கிள் தொழில். அந்த வம்சத்து ஆலைகள் இன்று பூந்தமல்லி தாண்டியதிலிருந்து ஒரகடம் வரை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் வாசலுக்குச் சைக்கிளில் வருகிற தொழிலாளியை மட்டும் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எங்கள் ஊர் தண்டலம். தமிழ்நாட்டில் தண்டலங்கள் பல. இது பெங்களூர் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி, இருங்காட்டுக்கோட்டைக்கு முன்னால் வருவது. நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அறிவியல் இயக்கத்தில் நெடுநாள் உறுப்பினன். கட்சிக்காரர்கள் உண்டியல் குலுக்கினால் போடுவேன், அவர்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட மாட்டேன். சைக்கிளை இன்னும் விடவில்லை. இந்த நாலு விஷயமும் எனக்குள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்துச் சைக்கிளின் ஊற்றுக்கண் அம்பத்தூர், இங்கிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே ஆலை வருவதற்கு முன் ராலே, ஹம்பர், ஹெர்குலிஸ் எல்லாம் கப்பலில் வந்தவை. அவற்றை ஓட்டியவர்கள் கர்ணம், வாத்தியார், தபால்காரர். 1949இல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. 1951இல் அம்பத்தூரில் ஆலை ஓடத் தொடங்கியது. அங்கே சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை என்று ஒன்று உண்டு. வைத்தியம் பார்த்துக்கொள்கிற யாருக்கும் அவர் யாரென்று தெரியாது. டாக்டரோ பாதிரியாரோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் அந்த இங்கிலாந்துக் கம்பெனியின் தலைவர். பர்மிங்காமின் ஹெர்குலிஸ் 1946இலேயே அந்தக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. அம்பத்தூரில் செய்த இன்னொரு பெயரான பி.எஸ்.ஏ.வின் விரிவு பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். அதுவும் துப்பாக்கிப் பட்டறைதான். ஆக, எங்கள் ஊர்ப் பால்காரர் கேன் கட்டி மிதித்ததற்கும் ஒரகடத்துப் புல்லட்டுக்கும் பங்காளி உறவு உண்டு.

அம்பத்தூர் ஆலை வந்த பிறகு சைக்கிள் ஏழை வீட்டுக்குள் நுழைந்தது, ஆனால் மெதுவாக. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச், ரேடியோ, சைக்கிள் என்று பேசின காலம் வெகுநாள் நீடித்தது. உள்ளாட்சிக்கு வரி கட்டி, அதற்கு அடையாளமாக ஒரு தகர வில்லையைச் சைக்கிளில் மாட்ட வேண்டும். இரவில் விளக்கு இல்லாமல் போனால் பிடிப்பார்கள், டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள். காசு இல்லாதவனுக்கு மணிக்கணக்கில் வாடகைச் சைக்கிள். ஏரி மீன் கேரியர் கூடையில் பூந்தமல்லிக்குப் போகும், திரும்பி வருகையில் அதே கேரியரில் தவிட்டு மூட்டை வரும். அதற்கு மேல் ஒரு பையனும் உட்கார்ந்திருப்பான்.

பையன்கள் கற்றுக்கொண்டது குரங்கு பெடலில். சீட்டுக்குக் கால் எட்டாது, பாருக்கு மேல் காலைப் போட்டால் இறங்க முடியாது. பாருக்குக் கீழே முக்கோணத்துக்குள் வலது காலை நுழைத்து, இடது பக்கமே உடம்பு தொங்க, அரை பெடல் அரை பெடலாக மிதிப்பான். வகுப்பில் ஈர்ப்பு மையம் நடத்தும்போது நான் இதைத்தான் கேட்பேன்: உடம்பு முழுக்க இடது பக்கம் இருக்கும்போது வண்டி ஏன் இடது பக்கம் சாயவில்லை? பையன் வண்டியை வலது பக்கம் சாய்த்துக்கொள்கிறான். அவனும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம், டயர் தரையைத் தொடுகிற கோட்டுக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. பாடம் தெரியாத வயதில் உடம்பு கணக்கைச் செய்து முடித்துவிட்டது.

ஓடுகிற சைக்கிள் ஏன் விழுவதில்லை என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி. சக்கரம் சுழல்வதால் பம்பரம் போல நிற்கிறது என்று பாடப் புத்தகக்காரர்கள் எழுதிவிட்டுப் போவார்கள். 1885இல் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர், அதாவது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுச் சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின், இன்று நாம் ஓட்டுகிற வண்டியின் உருவம்தான். பதினான்கு வருஷம் கழித்து 1899இல் விப்பிள் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் அதற்குச் சமன்பாடு எழுதினார். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற வேதியியல்காரர், யாராலும் ஓட்ட முடியாத சைக்கிள் ஒன்றைச் செய்தே தீருவேன் என்று கிளம்பினார். முன்சக்கரத்தோடு இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி எதிர்ப்பக்கமாகச் சுழலவிட்டார். சுழற்சியின் விளைவு ரத்தாகிவிடும், வண்டி விழும் என்பது கணக்கு. அவர் ஏறி உட்கார்ந்தால் அது சாதுவாக ஓடியது. அப்படியானால் ஃபோர்க்கின் சாய்வுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள். ஹேண்டில் அச்சை நேராகத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். அதனால் சக்கரம் தள்ளுவண்டிச் சக்கரம் போல ஓடும் திசைக்குத் தானே திரும்பிக்கொள்ளும். 2011இல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் ஐவர் இந்த இரண்டு காரணத்தையும் நீக்கிய சின்னஞ்சிறு வண்டி ஒன்றைச் செய்து தள்ளிவிட்டார்கள். ஆளில்லாமல் அதுவும் விழாமல் ஓடியது. எடை எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது, ஒற்றைக் காரணம் என்று எதுவும் இல்லை என்று எழுதினார்கள். ஆனால் எல்லா வண்டிக்கும் பொதுவாக ஒன்று உண்டு: தானே நிற்கிற சைக்கிள், எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் முன்சக்கரத்தைத் திருப்புகிறது. ‘விழுற பக்கமே ஹேண்டிலைத் திருப்புடா’ என்று பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற அப்பாக்கள் கத்துவது இதைத்தான்.

இதை அரசியலுக்கு உவமையாக்கச் சொல்லி ஒரு தோழர் என்னை நச்சரித்தார். முடியாது என்றேன். சாய்கிற பக்கமே திரும்பு என்பது சைக்கிளுக்குச் சரி.

இடதுசாரிக்கும் சைக்கிளுக்கும் உறவு பழையது. பர்மிங்காமிலேயே 1894இல் கிளாரியன் என்ற சோஷலிசப் பத்திரிகையின் வாசகர்கள் ஒரு சைக்கிள் சங்கம் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசுரம் கொடுத்தார்கள். நம் பக்கம் இயக்கம் வேறு விதமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டது. சென்னையைச் சுற்றியிருந்த பழைய ஆலைகளில் ஷிஃப்ட் முடிந்தால் தொழிலாளி நேரே போவது சைக்கிள் ஸ்டாண்டுக்கு. ஆலைக்குள் ஏறி ஓட்டக்கூடாது, கேட் வரை தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். நூற்றுக்கணக்கான ஆட்கள் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டும் அந்தச் சில நிமிஷம்தான் சங்கத்தின் மேடை. வெளியே ஒரு ஸ்டூல், ஒரு செங்கொடி, தொண்டை வலுவுள்ள ஒருவர். பேச்சு பிடித்தால் தொழிலாளி ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்பான், அலுத்தால் மிதித்துவிடுவான். பிரேக்கும் பெடலும் அவன் வசம். அதனால் பேச்சாளர் சுருக்கமாகப் பேசக் கற்றுக்கொண்டார். இன்றைய பொதுக்கூட்டங்களின் நீளத்தைப் பார்க்கையில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது தெரிகிறது.

சைக்கிளில் போகிறவன் வழியில் நிற்பான் என்பது இன்னொரு விஷயம். டீக்கடையில் நிற்பான், வாசகசாலையில் நிற்பான், பஞ்சர் ஒட்டும்போது அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து தினசரியின் நாலு பக்கத்தையும் படிப்பான். என் கணிப்பில், தமிழ்நாட்டுத் தொழிற்சங்க இயக்கத்தில் மார்க்ஸ் எவ்வளவு வேலை செய்தாரோ அவ்வளவு வேலை பஞ்சர் கடைகளும் செய்திருக்கின்றன.

1991 என்றால் வெளியுலகத்துக்கு ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட அந்த மே 21 இரவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. எனக்கு அந்த வருஷம் என்றால் புதுக்கோட்டை. அறிவொளி எழுத்தறிவு இயக்கம் அங்கே தொடங்கியது அப்போதுதான். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியர். அறிவியல் இயக்கத்தவர்களும் இடதுசாரி இளைஞர்களும் ஆசிரியர்களும் தொண்டர்களாகக் கிராமங்களுக்குப் போனார்கள். பெண் தொண்டர்கள் சாயங்காலம் வகுப்பெடுத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும், பஸ் கிடையாது. எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுப்பது என்று முடிவாயிற்று. கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டிலில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் நுழைந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதையெல்லாம் எழுதி உலகறியச் செய்தார். கடையில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்துபோய், பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பிக் கேட்டார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். முன்பாரில் ஒரு குழந்தையை உட்காரவைக்கலாம் அல்லவா? தண்ணீர்க் குடம், குழந்தை, சந்தைக்குப் போகும் மூட்டை எல்லாம் புருஷனையோ அண்ணனையோ எதிர்பாராமல் நகர்ந்தன. நம் இடதுசாரிகள் தொழில்நுட்பம் என்று சொல்லிக்கொண்டு செய்தவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். எல்.ஐ.சி.யில் கம்ப்யூட்டர் வரக்கூடாது என்று போராடியதை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள், இதை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

அரசு மறக்கவில்லை. 2001–02இல் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் வந்து, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு இதையே செய்தது. உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் எண்ணிக்கை 32 சதவீதம் உயர்ந்தது என்று பொருளியல் ஆய்வு சொல்கிறது.

இதற்கிடையில் எங்கள் ஊர் மாறிவிட்டது. 1996இல் ஹூண்டாய் வருகிறது என்று அறிவிப்பு. அப்புறம் கண்ணாடி ஆலை, 2006இல் நோக்கியா, 2007இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங், 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிசான், அப்பல்லோ டயர். நெடுஞ்சாலை அகன்றது, நடுவில் தடுப்பு முளைத்தது. எதிர்ப்புறக் கடைக்குப் போக வேண்டுமென்றால் யு டர்ன் வரை எதிர்த்திசையில் போகணும் அல்லது கன்டெய்னர் லாரிகளுக்குக் குறுக்கே சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடணும். பெரிய லாரி பக்கத்தில் கடக்கும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், உடனே உள்ளே இழுக்கும். இது இயற்பியல், பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை.

தொழிலாளிகளை ஏற்றிவர கம்பெனி பஸ் வந்தது. விடியற்காலை ஐந்தரைக்குப் பூந்தமல்லிச் சாலையில் நின்று பாருங்கள், வரிசை வரிசையாக வெள்ளை பஸ்கள். ஏ ஷிஃப்ட்டுக்குப் போகிறவர்கள் தலையைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்குவார்கள். காஞ்சிபுரம், செய்யாறு, அரக்கோணம், திருவள்ளூர் என்று தூரத்திலிருந்து வருகிறார்கள். சைக்கிளில் வர முடியாத தூரம்தான், அதிலும் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பெண்கள் எப்படிப் போவார்கள்? பஸ் வேண்டும் என்பது சங்கங்களே எழுதிக்கொடுக்கிற கோரிக்கை. ஒப்பந்தத்தில் பஸ் வசதி வாங்கியதைச் சாதனையாக நோட்டீஸில் அச்சடிப்பார்கள்.

ஆனால் அந்த பஸ் கேட்டுக்குள்ளே போய் நிற்கிறது. ஷிஃப்ட் முடிந்தவன் உள்ளேயே ஏறுகிறான், பத்து நிமிஷத்தில் பஸ் கிளம்பிவிடும், விட்டால் அவன் பாடு திண்டாட்டம். கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு நிற்கிற சங்கக்காரருக்குத் தெரிவது மூடிய ஜன்னல்களும் பஸ்ஸின் புகையும். கேட் மீட்டிங் என்ற ஒன்றை இந்தத் தடத்தில் யாரும் தடை செய்ய வேண்டியிருக்கவில்லை. நிற்பதற்குக் கால் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நிர்வாகங்கள் திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. நோக்கம் எதுவானாலும் விளைவு அதுதான்.

அதனால் இங்கே சங்கம் வைப்பது பழைய அம்பத்தூரைவிடக் கடினமாக இருக்கிறது. 2007இல் ஹூண்டாயில் சி.ஐ.டி.யு. சங்கம் வந்தது. 2010இல் ஃபாக்ஸ்கான் செல்போன் ஆலையில் வேலைநிறுத்தம். நோக்கியாவோ எட்டு வருஷம் ஓடி, ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சம்பளமும் ஒரு மிடுக்கும் கொடுத்துவிட்டு, 2014 நவம்பர் 1ஆம் தேதி நின்றுபோயிற்று. 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனபோது, மற்றப் பெண்கள் சுங்குவார்சத்திரத்தில் இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் செய்தி பரவியது, வதந்தியும் கூடவே பரவியது. விடுதியிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து லைன், லைனிலிருந்து பஸ் என்று வாழ்கிறவர்களுக்கு நின்று பேச நெடுஞ்சாலையைத் தவிர இடம் இல்லாமல் போயிற்று என்றுதான் நான் அதைப் படித்தேன். ஆலை ஜனவரி 12 வரை திறக்கவில்லை.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த விவாதத்தில் பஸ்ஸில் போகும் நேரத்தைப் பலரும் சேர்க்கவில்லை. போக ஒன்றரை, வர ஒன்றரை என்றால் 12 என்பது 15.

2024 செப்டம்பர் 9இல் தொடங்கிய சாம்சங் வேலைநிறுத்தம் 37 நாள் நடந்தது. ஆலையை விட்டுச் சற்றுத் தள்ளிப் பந்தல் போட்டு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பந்தலைப் போலீஸ் பிரித்தது, அவர்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள். சங்கத்தின் பெயரில் கம்பெனிப் பெயர் வரலாமா என்று ஒரு சர்ச்சை. உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி கடைசியில் பதிவுச் சான்று கிடைத்தது. தொழிற்சங்கச் சட்டம் 1926இல் வந்தது. பெயர் வைக்க இவ்வளவு பாடு. எனக்கு அந்தப் பந்தலில் பட்டது வேறு. ஒரே லைனில் வருஷக்கணக்காக வேலை செய்தவர்கள், ஒருவர் ஊரை ஒருவர் அங்கேதான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டில் நடந்திருக்க வேண்டிய பேச்சு அது.

இளைஞர்கள் பஸ்ஸை விட்டுப் பைக்குக்கு மாறுகிறார்களே என்பீர்கள். இவான் இல்லிச் என்ற முன்னாள் பாதிரியார் 1973இல் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்கர் ஒருவர் காரில் உட்காருவதற்கும் காருக்காகச் சம்பாதிப்பதற்கும் வருஷத்தில் 1,600 மணி நேரம் செலவழித்து 7,500 மைல் போகிறார். அதாவது மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. தோழர்களுக்கு இல்லிச்சைப் பிடிக்காது, வளர்ச்சிக்கு எதிரி என்பார்கள். எனக்கு அவர் கணக்குப் பிடிக்கும். நம் ஊருக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 18,000 ரூபாய் சம்பளம், 26 நாள், நாளுக்கு எட்டு மணி என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 86 ரூபாய் சொச்சம். பைக்கின் தவணையும் பெட்ரோலும் 6,500 என்றால் 75 மணி நேர உழைப்பு. தினம் 50 கிலோமீட்டர், மாதம் 1,300. நாற்பதில் ஓட்டினால் 32 மணி நேரம். கூட்டினால் 107 மணி நேரத்தில் 1,300 கிலோமீட்டர், மணிக்குப் பன்னிரண்டு. அம்பத்தூர் ஹெர்குலிஸை நான் அவசரமில்லாமல் மிதிக்கிற வேகம் அது. மணிக்குப் பதினைந்தில் போகவே ஒரு சீலிங் ஃபேனுக்கு வேண்டியதைவிடக் குறைந்த சக்திதான் காலிலிருந்து செலவாகும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றைத் தள்ள மட்டும் எட்டு மடங்கு ஆகும். தவணைக்காரருக்கு இந்த எட்டு மடங்கு நன்றாகத் தெரியும்.

ஊர்க்காரர்கள் சைக்கிளை விட்டாலும் சைக்கிள் இந்தப் பக்கத்தை விடவில்லை. உட்சாலைகளில் இப்போது அதை மிதிப்பவர்கள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள். ஒரே அறையில் பலர், காண்ட்ராக்டர் மாற மாற ஆலையும் மாறும், பஸ் பாஸ் கிடையாது. பழைய சைக்கிளை வாங்கிக்கொள்கிறார்கள். அதில் பல, நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்தவை. பள்ளி முடிந்ததும் கைமாறியவை. கோபுரச் சின்னம் பாதி அழிந்த வண்டியில் ஒடியாக்காரர் ஷிஃப்ட்டுக்குப் போகிறார். எங்கள் பஞ்சர் கடைக்காரர் ‘ஹவா’, ‘கித்னா’ எல்லாம் பழகிக்கொண்டு, கோட்டம் எடுப்பதற்கு மட்டும் கையால் ஆட்டிக் காட்டுகிறார்.

நிரந்தரத் தொழிலாளிகளைவிட இவர்கள் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, சங்கத்தின் நோட்டீஸோ இன்னும் தமிழில் மட்டுமே என் கைக்கு வருகிறது. இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடிக்கிற அன்று, அதைக் கொடுக்க கேட்டுக்குப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மேல் பஞ்சர் கடைக்கு வாருங்கள், காற்றடிக்க வரிசையில் நிற்கிறார்கள்.